முதல் மேட்சில் எத்தனை பந்து தொலைந்தது?

கல்லூரி திறந்து, முதலாம் ஆண்டுப் பெண்கள் சேர்ந்து, வகுப்பு ஒழுங்காக ஓட ஆரம்பிப்பதற்குள் ஜூலை வந்துவிடும். அதற்குப் பின்னாலேயே பெரியார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அட்டவணை வந்து நிற்கும். நடுவில் கிடைக்கிற சில வாரங்களில்தான் கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி உருவாக வேண்டும். நானும் அந்தக் கல்லூரியில் ஆடியவள்தான். இப்போது உள்ளூரிலேயே வேலை. சாயங்காலம் கோர்ட்டுக்குப் போய் எங்கள் பி.டி. மேடத்துக்குத் துணையாக நிற்கிறேன். அணி வெளியூர் கிளம்பினால் மேனேஜர் என்று என் பெயரை எழுதிக்கொள்வார்கள். நான் செய்கிற உருப்படியான வேலை, ஸ்கோர் எழுதுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு போடுவது.

அந்த நோட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், ஆட வருகிறவர்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

பள்ளியிலேயே கூடைப்பந்து ஆடிவிட்டு எங்களிடம் வருகிற பெண்கள் குறைவு. ஓசூர் பக்கம் ஏதாவது தனியார் பள்ளியிலோ, விளையாட்டு விடுதியிலோ படித்தவளாக இருப்பாள். மற்றவர்கள் கபடி, கோ-கோ, வாலிபால், ஓட்டம். வேப்பனஹள்ளி, மத்தூர், போச்சம்பள்ளி பக்கத்துப் பள்ளிகளில் கபடிக்கு ஒரு துண்டு மண் தரை போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள தளம் வேண்டும், 3.05 மீட்டர் உயரத்தில் இரண்டு ரிங் வேண்டும். அது எல்லா ஊரிலும் எங்கே இருக்கிறது?

இப்படி வருகிறவர்களைப் பார்த்து, இவர்களை வைத்து என்ன ஆடுவது என்று அலுத்துக்கொள்கிற பயிற்சியாளர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொருத்தியும் தன் பழைய விளையாட்டைக் கையிலும் காலிலும் கொண்டுவருகிறாள். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கபடிப் பெண்ணுக்குப் பயம் கிடையாது; கீழே விழுந்தால் தட்டிவிட்டு எழுவாள். ஆனால் எதிராளி பக்கத்தில் வந்ததும் அவளுடைய கை தானாகப் பிடிக்கப் போகும், உடனே விசில். வாலிபால் ஆடியவள் நேராக எம்புவாள், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டுக்கு ஏற்றவள்; ஆனால் வருகிற பந்தைப் பிடிக்காமல் தட்டிவிடுவாள். ஓட்டக்காரி எல்லாரையும் முந்திக்கொண்டு போய் ரிங்குக்கு அடியில் நிற்பாள், அங்கே போய் வேகத்தை அடக்கத் தெரியாமல் கோட்டுக்கு வெளியே போய்விடுவாள். எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் கோ-கோ பெண்கள். குனிந்த இடுப்பு, சட்டென்று திசை மாறுகிற கால், பார்வை எப்போதும் ஆள் மேல். டிஃபென்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? பந்து கொடுத்தால்தான் தடுமாறுவார்கள்.

சரி, மேட்சுக்கு வருகிறேன்.

சீசனின் முதல் ஃபிரண்ட்லி மேட்சை மேடம் எப்போதும் ஒரு பள்ளி அணியோடுதான் வைப்பார். பள்ளிப் பிள்ளைகள் தானே என்று எங்கள் பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து பந்தைக் கையில் வைத்திருப்பவர்கள். உயரம் தோள் அளவுதான் இருக்கும். முதல் நிமிடத்திலேயே கோர்ட் முழுக்கப் பரவி ப்ரெஸ் போடுவார்கள், அதாவது பந்தை நகர்த்த விடாமல் நெருக்குவார்கள். நாங்கள் பந்தை உள்ளே எறிந்து நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் ரெஃப்ரீயின் கை எட்டு விநாடியை எண்ணி முடித்துவிடும், பந்து எதிரணிக்குப் போய்விடும். போன சீசனில் அப்படி ஒரு மேட்சில் பாதி ஆட்டம் முடிந்தபோது எங்கள் ஸ்கோர் ஒற்றை இலக்கம். பர்கூரிலிருந்து வருகிற எங்கள் கேப்டனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அக்கா, நாம இந்த வருஷம் பேர் குடுக்க வேணாம்" என்றாள்.

மேடம் ஸ்கோர் போர்டு பக்கம் திரும்பவே இல்லை. என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "எத்தனை பந்தும்மா தொலைச்சிருக்கோம்?" என்று கேட்டார். அவர் கேட்பது அது ஒன்றைத்தான்.

நோட்டில் நான் எழுதுவது இதுதான்: ரிங்கைப் பார்த்து எறியாமலே பந்து எதிரணிக்குப் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. கோடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதுதான் முக்கியம். ட்ராவல் (பந்தைத் தட்டாமல் காலை நகர்த்துவது), தப்பான பாஸ், கைக்கு வந்ததைப் பிடிக்காமல் விட்டது, டபுள் ட்ரிப்ளிங் (தட்டிப் பிடித்துவிட்டு மறுபடி தட்டுவது), எட்டு விநாடி, மூன்று விநாடி (எதிரணி ரிங்குக்கு அடியில் அதற்கு மேல் நிற்பது), எதிராளி பிடுங்கிக்கொண்டது. பக்கத்தில் ஆட்டக்காரியின் நம்பர். குவார்ட்டர் மாறும்போது மசியின் நிறத்தை மாற்றிக்கொள்வேன். கம்ப்யூட்டர், ஆப் எதுவும் வேண்டாம். ஒரு பெஞ்ச் ஆட்டக்காரியிடம் கொடுத்தால்கூட அரை மணி நேரத்தில் பழகிவிடுவாள். சொல்லப் போனால் பெஞ்சில் இருக்கிறவளிடம் கொடுப்பது நல்லது. மொபைல் பார்க்காமல் ஆட்டத்தைப் பார்ப்பாள்.

அன்றைக்குக் கணக்குப் பார்த்தால், பிள்ளைகள் எங்களிடமிருந்து பிடுங்கியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் நாங்களாகவே கொடுத்தது. அதிலும் ட்ராவலும் பிடிக்காமல் விட்டதும் சேர்ந்து பெரும் பங்கு. இது தெரிந்ததும் அடுத்த வாரப் பயிற்சி என்ன என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. தந்திரம், ஃபார்மேஷன் எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, பந்தைப் பிடித்து நிற்கப் பழகினோம்.

புதியவர்கள் செய்கிற ட்ராவல் பெரும்பாலும் ஒரே வகை. பந்தைப் பிடித்து நிற்பாள். பந்தைத் தட்டி ஓடக் கிளம்பும்போது பந்து கையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே பிவட் கால், அதாவது ஊன்றி வைக்க வேண்டிய கால், தரையை விட்டு எழும்பிவிடும். அவசரம்தான் காரணம். இதற்கு மேடம் வைத்திருக்கிற மருந்து, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படுகிற மாதிரி பந்தைப் பிடித்து இறங்குவது. அப்படி இறங்கினால் எந்தக் காலையும் பிவட்டாக வைத்துக்கொள்ளலாம். முழங்கால் மடங்கியிருக்கும், உடம்பும் ஒரு பக்கம் சாயாது. தினமும் பயிற்சி ஆரம்பத்தில் பத்து நிமிடம் இதையே செய்தார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். வாலிபால் பெண்களுக்குத் தட்டுகிற பழக்கம் போனதும் இதில்தான்.

ப்ரெஸ்ஸுக்கு மேடம் சொன்னது மூன்றே விஷயம். பந்தை வாங்கியதும் மூலைக்கு ஓடாதே. அங்கே பக்கக் கோடும் கடைசிக் கோடும் எதிரணிக்கு இன்னும் இரண்டு ஆள் மாதிரி. ஒருத்தி எப்போதும் நடுவில் பந்தை நோக்கி ஓடி வரவேண்டும். முன்னால் வழியில்லை என்றால் உள்ளே எறிந்தவளுக்கே திருப்பிக் கொடு, அவளை யாரும் கவனிக்க மாட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே பள்ளியோடு மறுபடி ஆடினோம். அப்போதும் தோற்றோம். எட்டு விநாடிக் கட்டம் மட்டும் ஏறக்குறைய காலி.

இதற்கு நேர்மாறாக ஒரு மேட்ச். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அணி. எங்களைவிடப் புதியவர்கள். சுலபமாக ஜெயித்தோம். பெண்கள் வேனில் பாட்டு, கேக், ஸ்டேட்டஸ். எனக்கு அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாயிண்டில் முக்கால்வாசி ஒரே பெண் போட்டது. பந்தைப் பிடுங்கித் தனியாக ஓடிப் போய் லே-அப், ரிங்குக்குப் பக்கத்தில் எம்பிப் போடுவது. மற்ற நால்வரும் நடுக்கோட்டிலேயே நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மேட்சில் கொஞ்சம் தேறிய அணி அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆள் போட்டபோது எங்களுக்கு வேறு வழியே தெரியவில்லை. ஆரம்பத்தில் பலவீனமான அணியோடு ஆடினால் தன்னம்பிக்கை வரும் என்பார்கள். வரும்தான். ஆனால் கெட்ட பழக்கமும் கூடவே வரும், அது இறங்குவதற்கு நாளாகும். நான் வரிசை போட்டால் முதலில் வலுவான அணி, அப்புறம் சமமான அணி, பல்கலைக்கழகப் போட்டிக்கு முந்தைய வாரம் வேண்டுமானால் ஒரு சுலபமான அணி.

பந்தின் அளவு பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் ஆடுவது 6-ஆம் நம்பர் பந்து. ஆண்களுக்கு 7, அது பெரிதும் கனமும். பல கல்லூரிகளின் ஸ்டோர் ரூமில் கிடப்பது 7-தான், ஆண்கள் அணிக்கு வாங்கியது. அதிலேயே பழகிவிட்டு மேட்சில் 6-ஐ எடுத்தால் பாஸ் எல்லாம் தலைக்கு மேலே போகும், ஷாட் போர்டைத் தாண்டும். பெரிய பந்தில் பழகினால் சின்னப் பந்து சுலபம் என்று எங்களிடம் சொன்னவர்கள் பலர். எறிகிற கைக்கு எடை ஒரு பழக்கம்; இரண்டு பழக்கத்தை ஒரே கையில் வைக்க முடியாது. வருடத்துக்கு ஒரு பொருள்தான் கேட்டு வாங்க முடியும் என்றால் புது ஜெர்ஸியை விட்டுவிட்டு 6-ஆம் நம்பர் பந்து இரண்டு கேளுங்கள். சிமெண்ட் தளத்துக்கு ரப்பர் பந்து போதும், தோல் பந்து ஒரே சீசனில் உரிந்துவிடும்.

ஆரம்பகால மேட்சுகளில் இரண்டு பக்கமும் ஷூட்டிங் சுமார்தான். மூன்று பாயிண்ட் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து எறிந்து ஜெயிக்கிற அணியை ஆகஸ்டில் நான் பார்த்ததில்லை. லே-அப்பிலும், யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோவிலும்தான் முடிவு தெரியும். ஒரு குவார்ட்டரில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. கபடிப் பெண்கள் இருக்கிற அணிக்கு அந்த நான்கு ஃபவுலும் ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: முதல் குவார்ட்டரில் ஒருத்திக்கு இரண்டு ஃபவுல் விழுந்தால் அவளைப் பெஞ்சுக்கு எடுத்துவிடுவோம், எவ்வளவு நன்றாக ஆடினாலும். ஐந்து ஃபவுலில் வெளியே போய்விட்டால் கடைசிக் குவார்ட்டருக்கு யார்? டிஃபென்ஸ் பயிற்சியில் கபடிப் பெண்களின் இரண்டு கையிலும் ஒரு துண்டைப் பிடிக்கக் கொடுத்துக் கழுத்துக்குப் பின்னால் போடச் சொல்வார் மேடம். கை பூட்டிக்கொண்டால் கால் தானாக நகரும்.

ஃப்ரீ த்ரோவைப் பயிற்சியின் ஆரம்பத்தில் தெம்பாக நின்று எறிந்து பிரயோஜனமில்லை. மேட்சில் மூச்சு வாங்கிக்கொண்டுதான் அந்தக் கோட்டில் நிற்பார்கள். கோர்ட்டை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து இரண்டு எறி, மறுபடி ஓடு. இப்படிப் பழகிய பிறகுதான் எங்கள் கணக்கு தேறியது.

இனி மூன்றாவது குவார்ட்டர். முதல் பாதி சமமாக ஆடிவிட்டு, பதினைந்து நிமிட இடைவேளை முடிந்து வந்ததும் சரிவது எங்கள் பெண்களிடம் நான் தொடர்ந்து பார்த்தது. நோட்டில் அந்த நிறத்துக் கோடுகள்தான் அடர்த்தியாக இருக்கும். உடம்புத் தெம்பு இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் இல்லை என்று கேட்டுப் பார்த்தால் காரணம் வயிற்றில் இருந்தது. சேலத்தில் காலை மேட்ச் என்றால் விடியும் முன்னே கிருஷ்ணகிரியில் வேன் ஏற வேண்டும். அந்நேரத்துக்கு வீட்டில் யார் சமைப்பார்கள்? வெறும் டீ குடித்துவிட்டு வருவாள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வளைவுகளில் அதுவும் வெளியே வந்துவிடும். அப்படியே கோர்ட்டில் இறங்கினால் முதல் பாதி வரை ஆர்வத்தில் ஓடும், அதற்கு மேல் எங்கே ஓடும்?

இப்போது முந்தைய இரவே நன்றாகச் சாப்பிடச் சொல்கிறோம்; களியோ சோறோ, எதுவாக இருந்தாலும் சரி. மேட்சுக்கு இரண்டு இரண்டரை மணி நேரம் முன்னால் இட்லி, கூட ஒரு வாழைப்பழம். கணவாயில் வாந்தி வருகிற பெண்களுக்குக் கணவாய் தாண்டிய பிறகுதான் சாப்பாடு. இடைவேளையில் பஜ்ஜி, கூல் டிரிங்க்ஸ் கிடையாது. தண்ணீரும் கடலை மிட்டாய் ஒரு துண்டும். பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடம்தான் உட்கார்ந்திருக்கலாம். அதற்குள் மேடம் பேசி முடித்துவிட வேண்டும், பிறகு எழுந்து லேசான ஓட்டம், ஷூட்டிங். முழு நேரமும் உட்கார்ந்தால் கால் இறுகிப் போகும்.

இதோடு இரத்தப் பரிசோதனையும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று வந்தது. எங்கள் அணி மட்டும் விதிவிலக்கா என்ன? ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரையும் அங்கேயே தருவார்கள். டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்குகிறாள் என்று பெஞ்சில் உட்கார வைத்த ஒரு மத்தூர்ப் பெண், இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்ட பிறகு முழு மேட்ச் ஆடினாள். சோம்பேறி என்று அவளை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

மாதவிடாய் நாளில் ஆடலாமா என்று கேட்பார்கள். முடிந்தால் ஆடு, வலித்தால் சொல், அவ்வளவுதான். சொல்வதற்கு அணியோடு ஒரு பெண் போக வேண்டும். வெளியூர் போகும்போது கழிப்பறை எங்கே என்று முதலில் விசாரிப்பது மேனேஜர் வேலை.

கணுக்கால் பிசகுவது சீசன் ஆரம்பத்தில்தான் அதிகம். எம்பி இறங்கும்போது இன்னொருத்தியின் ஷூ மேல் கால் படும். எங்கள் பக்கத்தில் உடனே சுளுக்கு வழிக்கிறவரிடம் கூட்டிப் போவார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வீங்கின காலை முதல் இரண்டு நாள் யாரும் அழுத்தி வழிக்கக் கூடாது. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி வைத்து, கட்டுப் போட்டு, காலைத் தூக்கி வைத்துப் படுக்க விடுங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. முழங்காலில் டக்கென்று சத்தம் கேட்டு வீங்கினால் கண்டிப்பாக எலும்பு டாக்டர். பெண் ஆட்டக்காரிகளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிட அதிகம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். மெத்தென்று முழங்கால் மடக்கி இறங்கக் கற்றுக்கொடுப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

பயிற்சி நேரத்தைத் தீர்மானிப்பது நாங்கள் இல்லை, பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-இல் வந்த பிறகு, தினம் பஸ்ஸுக்குக் காசு என்ற பேச்சு வீட்டில் நின்றது. ஆனால் இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது நிற்கவில்லை. மகாராஜகடைப் பக்கத்துப் பெண்கள் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். அதனால் தூரத்துப் பெண்களுக்கு முதல் அரை மணியில் முக்கியமான பயிற்சி முடிந்துவிடும், விடுதிப் பெண்கள் இருந்து ஷூட்டிங் செய்வார்கள். சாயங்கால மழை வேறு. தளத்தில் தண்ணீர் நின்றால் ஆட விடக் கூடாது. வராந்தாவில் உட்கார்ந்து நோட்டைப் படிக்கலாம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. பெருக்கு அன்று ஒகேனக்கல் போகிறவர்களைத் தவிர எல்லாரும் பயிற்சிக்குக் கிடைப்பார்கள். ஆவணி பிறந்தால் போச்சு. அக்கா கல்யாணம், மாமா வீட்டு வளைகாப்பு, இன்டர்னல் தேர்வு. அதனாலேயே ஆடியில் நடக்கிற மேட்சுகளில் பன்னிரண்டு பேரையும் இறக்கிவிட வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. ஐந்து பேரையே நம்பி ஆடிப் பழகிய அணிக்கு, ஒருத்தியின் அக்கா கல்யாணம் வந்தாலே சீசன் முடிந்த மாதிரி.

வீட்டாரிடம் பேசுவது தனி வேலை. ஷார்ட்ஸ்தான் முதல் சிக்கல். உள்ளே முழுநீள லெகின்ஸ், அணி முழுக்க ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டோம். எந்த ரெஃப்ரீயும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. தலையை மூடி ஆடுகிற பெண் எங்களிடம் உண்டு. உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2017-இலேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. முகம், கழுத்துப் பக்கம் ஊக்கோ பின்னோ இருக்கக் கூடாது, எலாஸ்டிக் வைத்துத் தைத்தது நல்லது. "இது ஆடி என்ன ஆகப் போகுது" என்று கேட்கிற அப்பாக்களுக்கு மேடம் அனிதா பால்துரையைச் சொல்வார்: சென்னைப் பெண், இந்திய அணியின் முன்னாள் கேப்டன், தென்னக ரயில்வேயில் வேலை, 2021-இல் பத்மஸ்ரீ. ரயில்வே வேலை என்ற இடத்தில் அப்பாக்கள் நிமிர்வார்கள்.

போட்டித் தேதி வந்ததும் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் சத்தம் இருக்கத்தான் செய்யும். போன தடவை கடைசி இடத்துக்கு இரண்டு பேர். ஒருத்தி அழகாக ஷூட் செய்வாள். இன்னொருத்தி ஊத்தங்கரைப் பக்கத்துக் கோ-கோ பெண், சீசன் முழுக்க அவள் போட்ட பாயிண்டை விரல்விட்டு எண்ணலாம். நோட்டைப் புரட்டினோம். ஷூட் செய்கிறவளின் நம்பர் எல்லாக் கட்டத்திலும் இருந்தது. கோ-கோ பெண் இறங்கிய நேரங்களில் எதிரணி தொலைத்த பந்துகளை நான் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன், ஓரம் நிரம்பியிருந்தது. மேடம் அவளுடைய பெயரை எழுதினார். மற்றவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே வந்து, தன் கோடுகள் எந்தக் கட்டத்தில் அதிகம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள்.

பட்டியல் முடிவானதும் ஒருநாள் முழுக்கக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள். தகுதிப் படிவத்தில் போட்டோ, துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் முத்திரை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல். அசல் கேட்டால் காட்ட அதுவும் கையில் இருக்கட்டும். ஆட வேண்டிய பெண் மதிப்பெண் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டு வந்து, அவளுடைய அண்ணன் காவேரிப்பட்டணத்திலிருந்து பைக்கில் சேலம் வந்து சேர்வதற்குள் இரண்டு குவார்ட்டர் முடிந்த கதை எங்களுக்கு நடந்திருக்கிறது. இப்போது எல்லா அசலும் முந்தைய நாள் மாலையே என் கைப்பைக்குள் வந்துவிடும், பெண்கள் வீட்டுக்குப் பஸ் ஏறும் முன்பு.